பதிமூன்றால் வகுபடும்

சிலிண்டர் பதிவுக்கு ஓடிபி வந்தது: 482482. பார்த்ததுமே வயிறு எரிந்தது.

சின்ன வயதில் ஒருநாள், கல்பாக்கத்திலிருந்து செங்கல்பட்டுக்குப் போகும் பஸ்ஸில் அப்பா இதே மாதிரி ஒரு டிக்கெட் எண்ணைக் காட்டி, "பதிமூணால வகுபடுமா?" என்றார். சரியாகச் சொன்னால் ஜன்னல் சீட்டு. நான் விரல் மடக்குவதற்குள் பக்கத்து வீட்டுச் சுகுணா, "படும் மாமா! ஏழு, பதினொண்ணாலயும் படும்" என்றாள். ஜன்னல் அவளுக்குப் போனது.

மூன்று இலக்கம் அப்படியே திரும்பி வந்தால் அது ஆயிரத்தொன்றின் மடங்கு. ஏழையும் பதினொன்றையும் பதிமூன்றையும் பெருக்கினால் அதே ஆயிரத்தொன்று. மாலையில் நோட்டில் வகுத்துக் கண்டுபிடித்து, "அவ கணக்கே போடலப்பா, ஏமாத்திட்டா" என்றேன்.

"அத நீ ஏன் பாக்கல?" என்றார்.

இப்போது அவருக்குப் பெயர்கள் மறந்துபோகின்றன. போனை அவர் முன் நீட்டி, "பதிமூணால வகுபடும்பா" என்றேன்.

முகம் மலர்ந்து, "சுகுணாவா?" என்றார்.