நகக்குறி இல்லாத சுரைக்காய்

எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குழுவில் போன வாரம் ஒரு படம் வந்தது. தரைத்தளத்து ரிட்டையர்ட் பேங்க்காரர் தன் வீட்டுக்குப் பின்னால் காய்த்த சுரைக்காய்களை வரிசையாகப் படுக்கவைத்து, "வேணுங்கறவங்க வந்து எடுத்துக்குங்க" என்று போட்டிருந்தார். பத்து நிமிஷத்தில் பதில்கள். "வேண்டாம் சார்." "எங்க வீட்ல யாரும் சாப்பிட மாட்டாங்க." "நோ தேங்க்ஸ்." ஒருவர் கும்பிடும் கையை மட்டும் போட்டார். பீளமேட்டில் பிறந்து வளர்ந்த எனக்கு, கொடுக்கிற காயை வேண்டாம் என்று நேராகச் சொல்ல முடியும் என்பது இந்த வயதில்தான் தெரிகிறது.

நான் போய் ஒன்று கேட்டேன். மூன்று கொடுத்தார். லிஃப்டில் வரும்போது காம்பிலிருந்து பச்சை வாடை வந்தது. அப்பாவின் ஒயர்கூடை வாடை.

அப்பா மில்லில் மேஸ்திரியாக இருந்தார், எப்போதும் முதல் ஷிப்ட். நான் ஒரு மோட்டார் கம்பெனியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்த வருஷம் மில்லை மூடிவிட்டார்கள். அதன் பிறகும் அப்பா ஐந்து மணிக்கு எழுந்து, குளித்து, தேய்த்த சட்டை போட்டு வாசல் கேட் வரை போவார். அங்கே கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்து நாற்காலியில் உட்காருவார். பேச்சு குறைந்துகொண்டே வந்தது. அம்மாவுக்குப் பயமாக இருந்தது. எனக்கும்தான்.

அம்மா சொல்லித்தான் பின்பக்கம் நாலு சுரை விதை ஊன்றினார். கொடி பந்தல் ஏறியது, காய்க்க ஆரம்பித்தது, அதற்குப் பிறகு நிறுத்தவில்லை. ஒருநாள் காலை ஆறு மணிக்கு மூன்று காய்களைக் கூடையில் வைத்துக்கொண்டு, மில்லுக்குக் கிளம்புகிற அதே குரலில், "நான் வாரேன் அம்மணி" என்று கிளம்பினார். திரும்பி வரும்போது எட்டரை. மூன்று காய் கொடுக்க இரண்டரை மணி நேரமா என்று கேட்காதீர்கள். வீட்டுக்கு வீடு காபி உண்டு, பேச்சு உண்டு. அப்பாவுக்கு வேலை கிடைத்துவிட்டது.

தெருவுக்குத்தான் பாடு. மூன்றாவது வீட்டு ஸ்டெல்லா டீச்சர் தனியாக இருந்தவர். வாரத்துக்கு நாலு சுரைக்காயை அவர் என்னதான் செய்வார்? "எதுக்குங்கண்ணா சிரமம்" என்பார். எங்கள் ஊரில் அதற்கு, தயவுசெய்து வேண்டாம் என்று அர்த்தம். அப்பாவும் இந்த ஊரில் பிறந்தவர்தான். ஆனால் அந்த அர்த்தம் அவருக்கு மறந்துபோயிருந்தது. "சிரமமே இல்லீங்க டீச்சர்" என்று கூடையை இறக்கிவிடுவார். டீச்சர் ஒருதரம் அம்மாவிடம், "அண்ணன் வரட்டுங்க, வர்றது நல்லதுங்க" என்றாராம். காயைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையாம்.

ஒருநாள் சாயங்காலம் எங்கள் ஹெட்கிளார்க் ஒரு பையை என் மேஜையில் வைத்தார். "அம்மணி, ஊட்டுக்காரிக்கு ஸ்கூல்ல யாரோ குடுத்தாங்களாம். எங்கூட்ல பொடுசுக தொடாதுங்க. நீங்க எடுத்துட்டுப் போங்க."

"எதுக்குங்க சார் சிரமம்" என்றேன். அவருக்கும் அர்த்தம் மறந்திருந்தது.

பஸ்ஸில் பையைத் திறந்து பார்த்தேன். காம்புக்குக் கீழே நகக்குறி. அப்பா பிஞ்சா முற்றலா என்று கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்துத்தான் பறிப்பார். மில்லில் மெஷினில் மாட்டி அந்த நகம் நடுவில் பிளந்து வளர்ந்தது. அதனால் குறி இரண்டு சின்னப் பிறையாக விழும். ஊரில் வேறு யாருக்கும் அப்படி விழாது. ஹெட்கிளார்க்கின் மனைவியும் ஸ்டெல்லா டீச்சர் ஸ்கூலில்தான் வேலை பார்த்தார் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

இது அப்பா கண்ணில் பட்டால் மறுநாள் கேட்டோடு திரும்பிவிடுவார். எனக்கு அழுகையே வந்துவிட்டது, ஒரு சுரைக்காய்க்காக.

வீட்டில் அப்பா செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அம்மா குறியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அரிவாள்மணையை எடுத்துப் போட்டாள். தோலைச் சீவிக் குப்பையில் போட வழியில்லை. காய்த்தோலை எருக்குழிக்குக் கொண்டுபோவது அப்பாதான், அதையும் கிளறிப் பார்த்துத்தான் கொட்டுவார். "தோலத் தொவையல் அரைச்சுப்போடலாம் கண்ணு" என்றாள் அம்மா.

சாப்பிட உட்கார்ந்ததும் அப்பா கேட்டார். "இதேது? இன்னைக்கு நான் பறிக்கலையே."

"ஆபீஸ்ல குடுத்தாங்களாமுங்க" என்றாள் அம்மா.

பொரியலை இரண்டு தரம் போட்டுக்கொண்டார். துவையலையும் வழித்துச் சாப்பிட்டார். "நல்ல காய்" என்றார். "பக்குவம் தெரிஞ்சவன் பறிச்சிருக்கறான்." நானும் அம்மாவும் தட்டைவிட்டுத் தலை நிமிரவில்லை.

மறுநாள் ஆறு மணிக்குக் கூடையோடு கிளம்பினார். எங்களுக்கு உயிர் வந்தது. இரண்டு நாள் கழித்து அவர் காய் பறிப்பதைப் பின்கதவிலிருந்து பார்த்தேன். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்துக்கொண்டு, மற்ற விரல்களால் காயைத் தடவி மட்டும் பார்த்துப் பறித்தார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக் காயில் நகக்குறி இருந்ததே இல்லை.

அப்பா போய்விட்டார். டீச்சர் வீடு இருந்த இடத்தில் லேடீஸ் ஹாஸ்டல் இருக்கிறது. நான் ஒரு காயைச் சமைத்துவிட்டேன், மீதி இரண்டும் ஃப்ரிட்ஜில் கிடக்கின்றன. நேற்று ஒன்றை எடுத்துக்கொண்டு எங்கள் மாடியிலேயே மூன்று வீட்டு பெல் அடித்தேன். மூன்று பேரும் சிரித்த முகத்தோடு வேண்டாம் என்றார்கள். கதவைச் சாத்தக்கூட இல்லை, மரியாதையாகத்தான் சொன்னார்கள். எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். இந்த அபார்ட்மெண்டில் இருந்திருந்தால் அப்பாவுக்கு இரண்டாம் தடவையும் வேலை போயிருக்கும்.