அத்தானின் துவக்கு அனுமதிப்பத்திரம்

போன கிழமை வரைக்கும் என் மேசை லாச்சியில் ஒரு போட்டோக்கொப்பி கிடந்தது. டென்மார்க் பொலிஸ் அத்தானுக்கு வேட்டைத் துவக்கு, அதாவது துப்பாக்கி, வைத்திருக்கக் கொடுத்த அனுமதிப்பத்திரத்தின் கொப்பி. மை மங்கிவிட்டது. அவருடைய பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டு அடித்திருந்தது மட்டும் கடைசிவரை தெளிவாகத் தெரிந்தது. அதைக் காணும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். முதலில் அத்தான்மேல் வந்தது. பிறகு கொப்பன்ஹேகன்மேல் வந்தது. இப்போது யார்மேல் வருகிறது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அத்தான் என்றால் என் அக்காவின் புருஷன். எண்பதுகளின் கடைசியில் நாங்கள் இருவரும் டென்மார்க்கின் எஸ்பியர்க் ஊரில் ஒரு மீன் பாக்டரியில் வேலை செய்தோம். ஓர் அறையில் இருந்தோம். அக்காவும் மகளும் யாழ்ப்பாணத்தில் குண்டு விழ விழ இடம் மாறிக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கூப்பிட அத்தான் கொப்பன்ஹேகனுக்கு, வெளிநாட்டார் விஷயம் பார்க்கிற அரசாங்கக் கந்தோருக்கு, விண்ணப்பம் போட்டிருந்தார். அகதியானவன் பெண்சாதி பிள்ளையைக் கூப்பிடலாம் என்று சட்டத்திலேயே இருந்தது. சில மாதத்தில் வந்துவிடுவார்கள் என்று கேட்ட இடமெல்லாம் சொன்னார்கள். அத்தான் பிள்ளைக்குக் குளிர்ச் சப்பாத்துக்கூட வாங்கி வைத்தார். பதில்தான் வரவில்லை.

பாக்டரியில் எங்களை வேலை வாங்கிய போர்மன் ஒரு டெனிஷ்காரர், வேட்டைப் பிரியர். அறைக்குள் இருந்து தபாலைப் பார்த்துப் பார்த்தே அத்தான் கெட்டுப்போவார் என்று நினைத்தாரோ என்னவோ, அவரை இழுத்துக்கொண்டுபோய் வேட்டைப் பரீட்சை எடுக்க வைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துவக்குக்குப் பயந்து கடல் கடந்து வந்தவன் வந்த இடத்தில் துவக்கு வாங்குவானா? அத்தானின் நினைப்பு வேறு. "இவங்களைப்போல இருந்தாத்தான் தம்பி, இவங்கள் எங்களை நம்புவாங்கள்" என்றார்.

ஒரு சனிக்கிழமை மூவரும் வைலே ஊரில் இருந்த துவக்குக் கடைக்குப் போனோம். கடைக்காரர் எடுத்த எடுப்பில் பெரிய தோட்டா போடுகிற துவக்கு ஒன்றை நீட்டினார். போர்மன் கையாலேயே அதைத் தள்ளிவிட்டார். புதிதாகப் பழகுகிறவனுக்கு ஆறரை மில்லிமீற்றர் தோட்டா போதும் என்றார். மானுக்கு அது தாராளம், உதை குறைவு, எங்கேயும் வாங்கலாம், தோள் நோகாமல் நிறையச் சுட்டுப் பழகலாம். துவக்கும் இலேசாக இருக்கக் கூடாது, இலேசானதுதான் கூட உதைக்கும் என்றார். அத்தானைக் கண்ணை மூடித் துவக்கைத் தோளில் வைத்துவிட்டுக் கண்ணைத் திறக்கச் சொன்னார். குறிக்கண்ணாடி நேரே கண்ணுக்கு வரவில்லை. அத்தான் கட்டையான ஆள். தோளில் முட்டும் மரம் அவருக்கு நீளம். ஒரு விரலளவு அறுத்துத் தரச் சொல்லிவிட்டுப் போர்மன் ஒன்று சொன்னார்: "முதல் துவக்கு ஆளைப் பயப்படுத்தக் கூடாது. முதல் வெடிக்குக் கண்ணை மூடியவன் பிறகு எல்லா வெடிக்கும் மூடுவான்."

பொலிஸ் அனுமதி ஆறு கிழமையில், ஒன்றரை மாதத்தில் வந்தது. எங்கிருந்தோ வந்த ஒரு தமிழன் கையில் துவக்கைக் கொடுக்க ஆறே கிழமை! அவன் தாலி கட்டியவளைக் கொடுக்க மட்டும் வருஷம் கழிந்தும் 'பரிசீலனையில் உள்ளது' என்ற ஒற்றை வரிக் கடிதம். நாசமாய்ப் போவார்கள்.

அதற்குப் பிறகுதான் அத்தான் அந்த வேலையைச் செய்தார். அனுமதிப்பத்திரத்தை இரண்டு கொப்பி எடுத்து, ஒன்றைத் தன் விண்ணப்பத்தோடு சேர்க்கச் சொல்லிக் கொப்பன்ஹேகனுக்கு அனுப்பிவிட்டார். கிராம சேவகர், பாதிரியார், தலைமை ஆசிரியர் என்று ஆளாளிடம் நற்சாட்சிப் பத்திரம் வாங்கி, கேட்டாலும் கேட்காவிட்டாலும் விண்ணப்பத்தோடு கோர்த்துவிடுகிற சனம் நாங்கள். பொலிஸே தந்த கடதாசியை விடப் பெரிய நற்சாட்சி ஏது என்று அவர் நினைத்திருக்கிறார்.

எனக்குத் தெரியவந்தபோது மற்றக் கொப்பியை அவர் கையிலிருந்து பறித்தேன். "உங்களுக்கென்ன விசரே? இயக்கத்தில துவக்குத் தூக்கினவன் எண்டு நினைக்கப்போறாங்கள். இனி அக்கா வந்தமாதிரித்தான்" என்று கத்தினேன். அடுத்த சனிக்கிழமை அத்தான் துவக்கைக் கொண்டுபோய்க் கடையிலேயே விற்றுவிட்டு வந்தார். போர்மனிடம் தோள் நோகிறது என்று சொன்னாராம். தோள் நோகாத தோட்டாவைத் தேடிக் கொடுத்த மனிதர் அதை நம்புவாரா? அதற்குப் பிறகு அவர் அத்தானோடு வேலைக் கதையைத் தவிர வேறு கதைக்கவில்லை. நானும் விட்டேனா? பதில் வராத ஒவ்வொரு மாதமும், உங்கட துவக்காலதான், உங்கட துவக்காலதான் என்று அவரைக் குத்திக்கொண்டே இருந்தேன்.

அக்கா வந்து சேர்ந்தபோது அந்தச் சப்பாத்துப் பிள்ளையின் பாதிக் காலுக்கும் போதவில்லை.

பிறகு அது தமிழர் வழக்கு என்று நாடெல்லாம் நாறியது. ரீவியில் சொன்னார்கள்: தமிழரின் விண்ணப்பங்களை நீதி அமைச்சரே சொல்லி வேண்டுமென்றே நிறுத்தி வைத்திருந்தார்கள். அத்தான் துவக்குக் கடையின் படி ஏறுமுன்பே நிறுத்தியாயிற்று. சட்டம் எழுதிய கையாலேயே சட்டத்தை மூடி வைத்துவிட்டு, எங்களுக்குப் 'பரிசீலனை' என்று எழுதியிருக்கிறார்கள். வாயில் வந்ததெல்லாம் சொல்லி ரீவியைப் பார்த்துத் திட்டினேன். அத்தான் திட்டவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப, துவக்கால இல்லை, என்ன?"

"தேத்தண்ணி ஆறுது, குடியுங்கோ" என்றேன் நான்.

ஒரே ஒரு 'இல்லை'. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அமைச்சரைத் திட்ட வாய் இருந்தது. அத்தான் காலமாகி நாலு வருஷமாகிறது.

போன கிழமை அவருடைய மகள் என்னை வைலேக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வேட்டைப் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டாளாம், முதல் துவக்கு எடுக்க வேண்டுமாம். கடைப் பெடியன் பெரிய தோட்டாத் துவக்கு ஒன்றை நீட்ட, என் வாய் தானாகவே ஆறரை போதும் என்றது. உங்களுக்கு எப்படித் தெரியும் என்று டெனிஷில் கேட்டாள். வீட்டுக்கு வந்ததும் லாச்சியைத் திறந்து கொப்பியைக் கொடுத்தேன்.

"அப்பாட்டத் துவக்கு இருந்ததோ? பிறகு ஏன் மாமா வைச்சிருக்கேல்லை?"

தோள் நோவு என்று சொல்லியிருக்கலாம். நுனிநாக்கு வரை வந்துவிட்டது.

"நான்தான் விக்கப் பண்ணினனான்" என்றேன். "அம்மா வராததுக்கு அவற்ர துவக்குத்தான் காரணம் எண்டு சொன்னனான். பிழை எண்டு தெரிஞ்ச பிறகும் அவரிட்டச் சொல்லேல்லை."

அவள் கொப்பியை நாலாக மடித்துத் தன் கைப்பைக்குள் வைத்தாள். திருப்பித் தரவில்லை. நானும் கேட்கவில்லை.