கிணற்றடியில் கட்டிய சிவப்புத் துணி

பச்சைக் கீற்று வாசனை மூக்கில் ஏறினால் போதும்... என் கண் இன்றும் என் வீட்டுக்காரரைத் தேடும்.

சம்பா அறுவடை முடிந்த மாசி மாதம். திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அறுத்த வயல் ஒன்றை மிராசுதாரிடம் வாடகைக்குப் பிடித்து, என் வீட்டுக்காரர் டூரிங் டாக்கீஸ் போட்டார். கல்யாணமாகி ஆறேழு மாசம்தான். "நீயும் வா வசந்தா, டிக்கெட் கிழிக்க ஒரு ஆள் மிச்சம்" என்று கூட்டிக்கொண்டு போனார். தேனிலவாம்!

சீசனுக்குக் கொட்டகையைத் தயார் பண்ணுவது லேசுப்பட்ட வேலையா? அறுத்த நெல்லின் அடித்தாளை வெட்டி, தரையைத் தட்டிச் சமமாக்கி, தரை டிக்கெட்காரர்கள் உட்கார ஆற்று மணல் கொட்டி, மூங்கில் நட்டு, கீற்று வேய்ந்து... லைசென்ஸ் கொடுக்க வரும் ஆபீசர் கண்ணில் படும்படி தீ அணைக்கும் மணல் வாளிகள் வேறு வரிசையாகத் தொங்க வேண்டும்.

ஊர்ச் சுவரெல்லாம் உதயசூரியன் வரைந்திருந்த காலம். ஆனால் வயல்வெளியில் பேச்செல்லாம் கூலியும் குத்தகையும்தான். எந்த ஊரில் யாரை அடித்தார்கள், எங்கே குடிசை எரிந்தது என்று தினம் ஒரு சேதி வரும். கீற்று வேய வந்தவர்கள் அதைப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். நான் தூங்கினேனா என்று மட்டும் கேட்காதீர்கள்.

கொட்டகைக்குப் பின்னால் புதர் மண்டிய ஒரு பழைய சிவன் கோயில். சோழர் காலத்தது என்றார்கள். விமானத்தில் அரசமரம் வேர்விட்டிருந்தது. நந்திக்கு ஒரு காது இல்லை. அடிச்சுவர் முழுக்க எழுத்து... இவருக்கு அதில் ஒரு பைத்தியம். வேலை ஓய்ந்த ஒரு சாயங்காலம் என்னையும் அழைத்துப்போய், செடியை விலக்கி, விரலால் தடவித் தடவி எழுத்துக் கூட்டினார்.

"இங்க பாரு, 'நிலம்'னு இருக்கு. இது 'வேலி', நில அளவு. அந்தக் காலத்துலயும் இந்த ஊர்ல இதே பேச்சுதான் போல!"

சிரித்துக்கொண்டே பின்னால் நகர்ந்தவரைச் சட்டென்று பிடித்து இழுத்தேன். காலுக்கு ஒரு சாண் தள்ளிக் கிணறு! கைப்பிடிச் சுவர் இல்லை. கோவைக்கொடி படர்ந்து வாயே தெரியாமல் மூடிக் கிடந்தது.

கூலி ஜனங்கள் குடியிருந்த தெருவிலிருந்து கொட்டகைக்கு அதுதான் குறுக்கு வழி. குழந்தைகள் ஓடி வரும். "சிவப்புத் துணி ஏதாச்சும் இருக்கா?" என்றார். இருந்தது என் உள்பாவாடை ஒன்றுதான், கல்யாணத்துக்கு எடுத்தது. அதை ஒரு நீள மூங்கிலில் கட்டிக் கிணற்று விளிம்பில் நட்டார்.

பூதலூர் ரயில் ஸ்டேஷன் பக்கத்தில் வளர்ந்த மனுஷர். சிவப்பு என்றால் ஆபத்து, நில்! அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கீழத்தஞ்சையில் சிவப்புக்கு வேறு அர்த்தம் என்பது எங்கள் இரண்டு பேர் மண்டையிலும் உறைக்கவில்லை. அந்தக் கோயில் நிலம் மிராசுதார் கையில் இருந்தது. கூலிக்காரர்களின் செங்கொடிச் சங்கத்து ஜனங்கள் அதைத் தங்களுக்குக் கேட்டுப் போராடிக்கொண்டிருந்தார்கள்.

விடிந்ததும் ஒரே கூச்சல். மிராசுதாரின் காரியஸ்தர் முன்னால், கம்போடு ஆட்கள் பின்னால்.

"எவன்டா எங்க நெலத்துல கொடி நட்டது?"

எதிர்ப்பக்கம் தெருவிலிருந்து ஜனம் ஓடி வருகிறது, கையில் கிடைத்ததோடு. தங்களில் யார் நட்டது என்று அவர்களுக்கும் தெரியாது. ஆனால் கொடி நட்டாயிற்று... விட முடியுமா?

நடுவில் போய் நின்றார் இவர். "நான்தாங்க நட்டேன்..."

அடுத்த வார்த்தை வருமுன் ஒருவன் சட்டையைப் பிடித்துவிட்டான். "வெளியூர்க்காரனை விட்டுக் கொடி நடறீங்களாடா?" கம்பு உயர்ந்தது. இன்றோடு எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன்.

எப்படிக் கத்தினேனோ... "ஐயா, அது கொடி இல்லீங்க! என் உள்பாவாடைங்க! கிணத்துல யாரும் விழுந்துடக் கூடாதுன்னு கட்டுனோங்க!"

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். காற்றில் நாடா ஆடியது.

சட்டையிலிருந்து கை விலகியது. காரியஸ்தர் முகத்தைச் சுளித்தார். "சீச்சீ! எடுத்துத் தொலைங்கடா." அவர் ஆட்களில் ஒருவனும் நகரவில்லை. பொம்பளை உள்பாவாடையைத் தொட்டால் மீசை என்னாவது? எதிர்ப்பக்கம் திரும்பி, "நீங்களாவது எறக்குங்க" என்றார்.

எங்கள் கொட்டகைக்கு மணல் சுமந்த பாக்கியம் அக்கா முன்னால் நின்றார். குரலை உயர்த்தவே இல்லை. "பாவாடையா இருந்தா என்னங்க, செவப்பு செவப்புதானே. எங்க கையால எறக்க மாட்டோம்."

இவர் இறக்கினால் படம் பார்க்க ஒரு ஜனம் வராது. இறக்காவிட்டால் கொட்டகை போய்விடும், அது நிற்கிற நிலம் மிராசுதாருடையது. கம்புகள் இன்னும் கையில்தான் இருந்தன.

நான் போனேன். மூங்கிலைச் சாய்த்து முடிச்சை அவிழ்த்து, அத்தனை ஆண்கள் முன்னாலும் புடவைக்கு மேலேயே அதைச் சுற்றி, நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டேன். யாரிடமும் கொடுக்கவில்லை, மண்ணிலும் போடவில்லை.

பாக்கியம் அக்கா கருவேல முள்ளை வெட்டி வந்து கிணற்றைச் சுற்றிப் போட்டார். மற்ற பெண்களும் சேர்ந்துகொண்டார்கள். காரியஸ்தர் ஆட்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள்.

படம் ஓடியது. ஆனால் கொட்டகைக்குள் யாராவது பலமாக இருமினால்கூட எனக்குத் தூக்கிவாரிப் போடும். படப்பெட்டி வாங்க இவர் டவுனுக்குப் போனால், சைக்கிள் திரும்பும்வரை வாசலிலேயே நிற்பேன். சீசன் முழுக்க அப்படித்தான்.

இவர் போய்ச் சேர்ந்து வருஷமாகிவிட்டது. வயதாகி, கட்டிலில், என் கையைப் பிடித்தபடியே போனார். அப்படிப் போனாரே என்று சாமியைக் கும்பிட்டேன்.

போன மாதம் மகளோடு காரில் அந்தப் பக்கம் போனேன். கோயிலுக்குப் பெயிண்ட், போர்டு, டியூப் லைட். கிணற்றுக்கு இரும்பு வலை. கொட்டகை இருந்த இடத்தில் கல்யாண மண்டபம். முக்கில் எல்லாக் கட்சிக் கொடியும் பக்கத்துப் பக்கத்தில் பறக்கிறது, டீ குடிக்கிறவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அங்கேயே நின்று கதையைச் சொன்னேன். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அம்மா... ஒரு உள்பாவாடைக்கா ஊரே கம்பைத் தூக்குச்சு?"

நானும் சிரித்தேன். படிக்கிற உங்களுக்கும் சிரிப்பு வரும். நன்றாகச் சிரியுங்கள்...

அன்றைக்கு அங்கே நின்ற அத்தனை பேரில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.