கரித்தூள் பையும் பொன்னையன் அண்ணனும்

ஒரே ஒரு ஊரில் ஒரே ஒரு விரல் இருந்ததாம், அது தொட்டால் மட்டும் ஒரு பெட்டி பாடுமாம்: எங்கள் தொழிலை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது. ஊர் தமிழ்நாட்டோடு சேருமா, மலையாள ராஜ்யத்திலேயே கிடக்குமா என்று ரோடெல்லாம் கோஷம் கேட்ட வருஷங்களில், பாறசாலையில் ஒரு ரேடியோ ரிப்பேர் கடையில் இருந்தேன். ஈயம் பற்றவைத்து விரல் சுட்டுக்கொண்டவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

காய்த்த விரல்

எங்கள் வேதக்கோயில் சபையில் ஆர்மோனியம் வாசித்தவர் பொன்னையன் அண்ணன். வார நாளில் பனையேற்றம், ஞாயிற்றுக்கிழமை பாட்டு. தமிழ்நாட்டோடு சேரக் கேட்ட ஊர்வலத்தில் விழுந்த போலீஸ் தடியடியில் இடது மணிக்கட்டு ஒடிந்து கோணலாகக் கூடிவிட்டது. பனை போயிற்று, ஆர்மோனியத் துருத்தி அமுக்கவும் கை வரவில்லை. சபைக் கமிட்டி ஒரு ஞாயிறு மட்டும் தவணை கொடுத்தது. வாசித்துக் காட்டினால் இருக்கலாம், இல்லாவிட்டால் வேறு ஆள். துருத்தி வேண்டாத பெட்டி ஒன்று செய்து தருகிறேன் என்று நான் வாயை விட்டேன்.

பழைய ரேடியோ வால்வுகளில் சுரம் எழுப்பினேன். கட்டைக்குப் பதிலாக ஒவ்வொரு சுரத்துக்கும் இரண்டு பித்தளைத் தகடு. விரல் இரண்டையும் சேர்த்துத் தொட்டால் தோல் வழியே துளி கரண்ட் ஓடி சுரம் வரும். எனக்கு வந்தது. அண்ணன் தொட்டார், ஊமை. நான் அளவு வைத்தது எப்போதும் வியர்க்கிற என் கைக்கு. பனை உரசிக் காய்த்த தோல் கரண்டை விடவில்லை. அவர் விரலை நாக்கில் நனைத்துத் தொட்டதும் பெட்டி பாடியது. "எச்சி தொட்டு ஆண்டவருக்குப் பாட்டு படிச்சவன் நான் ஒருத்தன்தான் மக்கா," என்றார்.

வறுத்த கரி

சத்தத்தைக் கூட்டிக் குறைக்கவும் ஒன்று வேண்டுமே. தீர்ந்துபோன டார்ச் பேட்டரிகளின் கரிக்குச்சியை இடித்துத் தூளாக்கி, தோல் பையில் அடைத்து, இரண்டு பித்தளை வட்டுகளுக்கு நடுவே வைத்தேன். அமுக்கினால் தூள் நெருங்கும், கரண்ட் கூடும், சத்தம் ஏறும். அண்ணன் கோணல் கையின் முழங்கையை அதன்மேல் வைத்தால் போதும். ஆனால் மழை ஈரத்தில் தூள் கட்டியாகி, கையை எடுத்த பிறகும் பெட்டி அலறியது. மூன்று தடவை சட்டியில் போட்டு வறுத்தேன்.

அலறலைக் கேட்டு ஒரு போலீஸ்காரர் கடைக்குள் வந்தார். ஒளித்துச் செய்தி அனுப்பும் கருவியோ என்று அவருக்குச் சந்தேகம். பையைத் தானே அமுக்கிப் பார்த்தார். பெட்டி வீறிட்டது. "எடா, இதினெங்கிலும் நம்மளப் பேடியுண்டல்லோ," என்று, இதற்காவது தங்களிடம் பயம் இருக்கிறதே எனச் சிரித்துவிட்டுப் போனார். மூலையில் உட்கார்ந்திருந்த அண்ணன் சிரிக்கவில்லை.

அந்த ஞாயிறு

ஆராதனையில் முதல் சரணம் நன்றாகவே போனது. பல வாரத்துக்குப் பிறகு அண்ணன் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டாம் சரணத்தில் வெளியே ஊர்வலம் வந்தது. கரித்தூளுக்கு முழங்கை எது, அதிர்வு எது என்று தெரியாது. டெலிபோனில் பேச்சைப் பிடிப்பதும் இதே தூள்தான். வெளியே ஒவ்வொரு கோஷத்துக்கும் உள்ளே சுரம் பொங்கியது. பெட்டியே கோஷம் போடுவதுபோல இருந்தது. முந்தின நாள் மேஜையில் சுத்தியல் வைத்தபோதே சுரம் துள்ளியதைப் பார்த்தேன். கரிப்பைக்கு அடியில் பஞ்சு வைத்திருக்கலாம். கோயிலில் யார் சுத்தியல் அடிக்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

கமிட்டிச் செயலாளர் கையை உயர்த்தினார், பாட்டு நின்றது. நான் எழுந்து, தூளின் கோளாறு என்று சொன்னேன். என் குரல் இரண்டு பெஞ்சு தாண்டிப் போனதில்லை. செயலாளர் அண்ணனைப் பார்த்து, "கை ஒடிஞ்சது போதாதுண்ணு கோஷத்தை சபைக்குள்ள கொண்டு வந்தியாக்கும். இனி அந்த இடத்துல நீ இருக்க வேண்டாம்," என்றார்.

கம்பிகளைக் கழற்றியபோது

எல்லோரும் போன பிறகு நான் குனிந்து கம்பிகளைக் கழற்றினேன். அண்ணன் பெட்டி முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். "அண்ணே, தப்பு என்னுடையது. செயலாளர் வீட்டுக்கு நானும் வாறேன், சொல்லிப் பார்ப்போம்," என்றேன்.

அவர் கோணல் கையைத் தடவிக்கொண்டிருந்தார். "வேண்டாம் மக்கா. கோஷம் ஏறுனப்பவே முழங்கையைத் தூக்கியிருந்தா பெட்டி அடங்கியிருக்கும். எனக்குத் தெரியும். தூக்கல." எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஊர்வலம் போன ரோட்டைப் பார்த்து நடந்து போனார்.

அடுத்த வாரமே சபைக்கு நெய்யாற்றின்கரையிலிருந்து ஒரு ஆர்மோனியக்காரர் வந்துவிட்டார். ரொம்ப நல்ல பெட்டி, வெளியே யார் கத்தினாலும் அதற்குக் கேட்காது.