சுவர் ஏறாத விரல்கள்

பினாங்கில் விடிந்ததும் எங்கள் வீட்டுக்கு எதிரே உள்ள திடலில் சீனக் கிழவிகள் கூட்டமாக நின்று கைகளை மெல்லத் தூக்கி இறக்குவார்கள். வந்த புதிதில் இதென்ன கூத்து என்று சிரித்தேன். மார்பில் புற்றுநோய் கண்டு வலப் பக்கத்தை எடுத்த பிறகு, ஆஸ்பத்திரியில் சீன நர்ஸ் என்னையும் அந்தக் கூத்தை ஆடச் சொன்னாள். சுவரோரம் நிறுத்தி, விரல்களைப் பல்லி போல மேலே ஏற்ற வைத்தாள். "தினமும் ஏற்று, நட, வேலை செய். விட்டால் கை கட்டையாகிவிடும். கிழவியானாலும் சரியாகாது" என்று மலாய் மொழியில் அதட்டினாள்.

உடம்பு தேறட்டும் என்று கணவர் என்னைக் கப்பலேற்றிக் காரைக்குடிக்கு, அக்கா வீட்டுக்கு அனுப்பினார். அம்மா இல்லாத எனக்கு அக்காதான் எல்லாம். போன மறுநாள் சுவரில் விரலை ஏற்றிக்கொண்டிருந்தபோது, நலம் விசாரிக்க ஆரஞ்சுப் பழங்களோடு தெருக்காரிகள் வந்துவிட்டார்கள். நம் ஊரில் நோயாளி என்றால் பாயில் கிடக்க வேண்டும். வந்தவர்கள் தலைமாட்டில் உட்கார்ந்து ஒரு மூச்சு அழ வேண்டும். நான் நிற்பதைப் பார்த்ததும் அவர்கள் முகம் சுண்டிப்போனது.

"நோவுக்காரிய நிக்க விட்டுட்டு நீங்க என்ன செய்றீக?" என்று ஒருத்தி அக்காவைக் கேட்டாள்.

அவர்கள் போனதும் அக்கா பாயை விரித்துக்கொண்டே அழுதாள். "நீ கப்பலேறிப் போயிருவ. அக்காகாரி வேலை வாங்கியே கொன்னுட்டான்னு என்னையத்தான பேசுவாக. ஆளு வரயிலயாச்சும் படுத்துக்க தாயி."

படுத்தேன். ஆள் வரத்துதான் ஓயவில்லை. கண்டனூர்க்காரர்கள் எழுந்தால் சிங்கம்புணரிக்காரர்கள் உட்கார்ந்தார்கள். அக்கா சோறு ஊட்டினாள், தலைவாரிக் கொண்டை போட்டுவிட்டாள். சுகமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. மாதங்கள் போனதும் தெரியவில்லை, கை இறுகிப்போனதும் தெரியவில்லை.

திரும்பி வந்ததும் நர்ஸ் கையைத் தூக்கிப் பார்த்தாள். வலியில் அலறிவிட்டேன்.

"ஊரில் உன்னைக் கவனிக்க ஆளே இல்லையா?"

"எல்லாரும் கவனித்தார்கள்" என்றேன். சொந்தக்காரர்களை விட்டுக்கொடுக்காமல் பேசுகிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

இனி முழுதாகத் திரும்பாது என்று சொல்லிவிட்டார்கள். இப்போது நானும் திடலில் நிற்கிறேன். கிழவிகளின் கை தலைக்கு மேல் போகிறது, என் வலக்கை தோளோடு நின்றுவிடுகிறது. ஒற்றைக் கையால் கொண்டை போட முடியாமல், போன மாதம் அந்தக் கிழவிகளைப் போலவே கழுத்தோடு முடியை வெட்டிக்கொண்டேன்.

அக்காவுக்கு இது தெரியாது. நான் ஊருக்குப் போனால் முதல் வேலையாகச் சீப்பை எடுத்துக்கொண்டு என் பின்னால் வந்து உட்காருவாள். அதை நினைத்தால்தான் ஊருக்குப் போகவே பயமாக இருக்கிறது.