உட்காரச் சொல்லும்வரை

முகத்தில் பயம் தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே பேசுவது அறுபது வயது தாண்டியவனுக்கு ஏற்ற வேலை அல்ல. கம்பெனிக் கூட்டங்களின்போது கணினித் திரையில் எட்டுக் கட்டங்கள். ஏழில் கொழும்புக்காரர்கள், எட்டாவதில் நான். ஏழு பேரையும் விட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருப்பேன். நிமிடத்துக்கு இருபத்தாறு முறை கண் சிமிட்டுகிறேன். என் மனைவி பதினான்கு முறைதான். அவளுக்குத் தெரியாமல் எண்ணிப் பார்த்தேன்.

மாத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றின் ஆபீஸில் முப்பத்து நான்கு வருடம் இருந்து, பெரிய கிளாக்கராக ஓய்வு பெற்றவன் நான். அதன்பின் பலாபத்வலயில், ரோட்டோர வீட்டில், இரண்டு வருடம் சும்மா இருந்தேன். காலை ஆறுக்கும் எட்டுக்கும் இடையில் தம்புள்ளைப் பக்கம் எத்தனை பஸ் போகிறது என்று எண்ணி ஒரு கொப்பியில் எழுதினேன். யாரும் கேட்கவில்லை.

பிறகு கொழும்பில் ஒரு மொழிபெயர்ப்பு நிறுவனத்தில், வீட்டிலிருந்தே செய்யும் வேலை கிடைத்தது. தண்ணீர் மோட்டார், ரைஸ் குக்கர், பூச்சிமருந்து இவற்றின் பாவனைக் குறிப்புகளைச் சிங்களத்திலிருந்து தமிழாக்க வேண்டும். ஆறு மாதம் பார்த்துவிட்டு, தொடர்ந்து வைத்துக்கொள்வதா இல்லையா என்று சொல்வார்கள். வேலை வந்ததும் தினமும் சவரம் செய்யத் தொடங்கினேன். மனைவியோடு நாளுக்கு மூன்றாக இருந்த சண்டை ஒன்றாகக் குறைந்தது. மறுபடி பஸ் எண்ணப் போய்விடுவேனோ என்பதுதான் என் பயம்.

ஆறாம் மாத முடிவில், செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குக் கூட்டம் என்று சொன்னார்கள். நான் அதுவரை பார்த்திராத டைரக்டர் அம்மாவும் வருவாராம். எனக்கு வேலை பிரித்துத் தரும் பெண் வெள்ளிக்கிழமையே போன் எடுத்தாள்.

"அங்கிள், வேலையில ஒரு பிழையும் இல்ல. ஆனா மீட்டிங்ல நீங்க பேசுறது களவெடுத்துப் பிடிபட்ட ஆள் மாதிரி இருக்கு. கெமராவப் பார்த்துப் பேசுங்க. கஸ்டமர்மாரோட நேரடியாப் பேசக்கூடிய ஆளத்தான் மேடம் தேடுறாங்க."

மனைவி, கண்ணாடியில் ஒட்டி வைத்திருந்த தன் ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து வந்து கெமராவுக்குப் பக்கத்தில் ஒட்டினாள்.

"என்னப் பார்த்துப் பேசுறதா நெனச்சுக்கங்க."

"உன்னப் பார்த்தா எனக்குப் பேச்சே வராதே."

"இப்ப மட்டும் வந்து கொட்டுதாக்கும்!"

பொட்டைப் பார்த்து மூன்று நாள் பழகினேன். பதினோரு வினாடி தாங்கும். பன்னிரண்டாவதில் கண் தானாக என் கட்டத்துக்கு இறங்கிவிடும்.

செவ்வாய்க்கிழமை ஒன்பது இருபதுக்கே உட்கார்ந்துவிட்டேன். பத்து மணி நான்கு நிமிடத்துக்கு ஒன்பதாவது கட்டம் முளைத்தது. அதில் டைரக்டர் அம்மா. என் மகள் வயதுகூட இருக்காது. "எல்லாருக்கும் வணக்கம்" என்றார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

தோட்டத்து ஆபீஸில் மானேஜர் துரை உள்ளே வந்தால் எழும்ப வேண்டும். 'உட்காருங்க' என்று அவர் சொன்ன பிறகுதான் உட்கார வேண்டும். முப்பத்து நான்கு வருடம் அப்படிப் பழகிய கால்களுக்கு, டைரக்டர் அம்மா கொழும்பில் இருக்கிறார் என்பது எப்படித் தெரியும்? உட்கார்ந்துவிடலாமா என்று யோசிப்பதற்குள் கேள்வி வந்துவிட்டது. பூச்சிமருந்துக் குறிப்பின் வரி ஒழுங்கை ஏன் மாற்றினேன் என்று கேட்டார்.

நின்றபடியே சொன்னேன். கையுறை போட வேண்டும் என்பது சிங்களத்தில் நாலாவது வரியில் இருந்தது. கலேவெலயில் மரக்கறி பயிர் செய்கிறவன் இரண்டாவது வரியிலேயே போத்தலைத் திறந்துவிடுவான். அதனால் அதை முதல் வரியாக்கினேன். தண்ணீர் மோட்டாரைப் பற்றியும் கேட்டார். அதற்கும் சொன்னேன். நிற்கிறவனின் கண்ணுக்கு நேராகத் திரை இல்லை. ஜன்னல் இருந்தது, அதற்கு வெளியே பலா மரம் இருந்தது. என் முகம் எங்கும் இல்லை. காலையில் தொழிலாளர் பேர் கூப்பிடும் பழைய ஆபீஸ் குரல் தானாக வந்தது. குசினி வாசலில் மனைவி அகப்பையை மேலும் கீழும் ஆட்டி 'உட்காருங்க, உட்காருங்க' என்று சைகை காட்டினாள். நான் தலையசைத்து மறுத்தேன்.

வேலை தரும் பெண்தான் குறுக்கிட்டாள். "அங்கிள், எங்களுக்கு உங்கட சேர்ட் பட்டன் மட்டுந்தான் தெரியுது. ஏன் நிக்கிறீங்க?"

"மேடம் இன்னும் உட்காரச் சொல்லலையே."

எல்லோரும் சிரித்தார்கள். குசினியிலிருந்து வந்த சிரிப்புத்தான் பெரிது. என் காது சுட்டது. வேலை போயிற்று என்று முடிவுகட்டிவிட்டேன்.

"ஐயோ, உட்காருங்க ஐயா," என்றார் டைரக்டர் அம்மா. உடனே, "இல்ல இல்ல, நில்லுங்க. நிண்டா நல்லாப் பேசுறீங்க. கஸ்டமர்மாரோடயும் இப்படியே பேசுங்க. கெமராவ மட்டும் கொஞ்சம் உயர்த்தி வைங்க. அடுத்த மாசத்துல இருந்து நீங்க எங்கட நிரந்தர ஆள், சரியா?"

சரி என்று சொன்னேனா என்பது ஞாபகமில்லை. கட்டங்கள் ஒவ்வொன்றாக அணைந்த பிறகு, யாரும் சொல்லாமலே உட்கார்ந்தேன். கணினியை உயர்த்துவதற்கு மனைவி இரண்டு பிஸ்கட் டின்களைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"நான் எவ்வளவு நேரம் பேசினேன்?" என்று கேட்டேன்.

"ஏன், நீங்க எண்ணலையா?"

"இல்ல."

டின்களைக் கீழே வைத்துவிட்டு என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை.