ஹார்டு டிஸ்க்கைக் காணோம்!

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுப் புதுக் கம்ப்யூட்டர் ஒரு பச்சைப் பொய் சொன்னது – "உங்கள் கம்ப்யூட்டரில் ஹார்டு டிஸ்க் எதுவும் இல்லை."

இல்லையா? காலையில் என் கண் முன்னால்தானே அவனியாபுரம் பாண்டி அதைக் கேபினெட்டுக்குள் வைத்துத் திருகாணி முடுக்கினார்!

பாண்டி, கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்பவர். அவரை அவசரமாக வரவழைத்ததற்குக் காரணம் இருந்தது. லண்டனில் இருக்கும் என் மகளுக்குப் பெண் குழந்தை. அன்று மதியம் பெயர் சூட்டு விழா. தாத்தாதான் காதில் மூன்று முறை பெயர் சொல்ல வேண்டும். நான் இங்கே மைக்கில் சொல்ல, அங்கே ஸ்பீக்கரைக் குழந்தையின் காதருகே பிடிப்பதாக ஏற்பாடு. வெப்கேமராகூட வாங்கியாயிற்று. விண்டோஸ் ஏறினால் போதும்.

அதுதான் ஏறவில்லை.

"சார், இது புது மாதிரி டிஸ்க்கு. இந்த விண்டோஸ் சிடிக்கு இது தெரியாது. செட்டிங்ஸ்ல ஒன்ன மாத்துனா பழைய டிஸ்க்குன்னு நெனச்சு ஏத்திக்கிரும். மாத்திரவா?"

எனக்கும் தெரியும். மேனுவலை முந்தின நாளே கரைத்துக் குடித்திருந்தேன். ஆனால் ஆயுசு பூராவும் ஆடிட் பிரிவில் குப்பை கொட்டியவனிடம் குறுக்கு வழி பேசலாமா?

"அப்படிச் செஞ்சா டிஸ்க் முழு வேகத்துல ஓடாது பாண்டி. இந்த டிஸ்க்கை விண்டோஸுக்கு அடையாளம் காட்டுற டிரைவர் புரோகிராமை ஃபிளாப்பியில ஏத்தி, இன்ஸ்டால் ஆரம்பிக்கும்போது எஃப்-6 பட்டனை அமுக்கிக் கொடுக்கணும். அதுதான் முறை."

"ஃபிளாப்பியா? அதுக்கு டிரைவே வைக்கலையே சார்!"

"வைங்க."

ஞாயிற்றுக்கிழமையில் தெரிந்த கடைக்காரரை வீட்டிலிருந்து இழுத்து வந்து, ஃபிளாப்பி டிரைவ் வாங்கி மாட்டினார். டிரைவரைக் காப்பி செய்ய இன்னொரு கம்ப்யூட்டர் வேண்டுமே... தெருமுனை பிரவுசிங் சென்டருக்கு ஓடினார். கொண்டு வந்த ஃபிளாப்பி, 'எரர்'. மறுபடி கிளம்பினார்.

"என்னங்க, நேரமாச்சு. அவரு சொன்ன மாதிரியே போட்டு விட்ருங்களேன்" – மனைவி.

"பொறு. எதுக்கும் ஒரு முறை இருக்கு."

முறைப்படி செய்வதில் ஒரு சுகம் உண்டு, கவனித்திருக்கிறீர்களா? எதற்காகச் செய்கிறோம் என்பதே மறந்துபோகும் அளவுக்குச் சுகம்.

பாண்டி திரும்பி வந்தார். எஃப்-6 அமுக்கினேன். ஃபிளாப்பி கரகரத்தது. திரையில் ஹார்டு டிஸ்க்!

"பாத்தீங்களா பாண்டி?"

"பாத்தேன் சார்..." அவர் தலையைச் சொறிந்தார். "சென்டர்ல காமிரா இருக்கான்னு அம்மா கேட்டாங்க. கூட்டிப் போயி உக்கார வச்சுட்டுத்தான் வந்தேன். இந்நேரம் பேரு வச்சிருப்பாங்க."

செருப்பைக்கூட மாட்டாமல் ஓடினேன். பாதித் தெருவில் மனைவி எதிரே வந்தாள். தொண்டை கட்டியிருந்தது.

"கத்துனாத்தான் கேக்குதுன்னாங்க. யாழினி, யாழினின்னு கத்திட்டேன். சென்டரே கை தட்டுச்சு."

"என்னைக் கூப்பிட்டிருக்கலாமே?"

"கூப்பிட்டேனே. திரும்பிக்கூடப் பாக்காம, 'இரு, எஃப்-6 வரப் போகுது'ன்னீங்க."

பாண்டி அத்தனை தடவை போய் வந்த இடம். நான் ஒரு தடவை போயிருக்கலாம்.

மாலையில் எல்லாம் தயார். படம் துல்லியம், டிஸ்க் முழு வேகம். திரையில் மகள். அவள் தோளில் பேத்தி, நல்ல தூக்கத்தில்.

"எழுப்பட்டுமாப்பா? நீங்களும் ஒரு தடவை சொல்லுங்க."

பெயர் உதடு வரை வந்துவிட்டது.

"வேண்டாம்மா. தூங்கட்டும்."

தூங்கும் குழந்தையை எழுப்பக் கூடாது... அதுவும் ஒரு முறைதானே!